முப்பத்தோராவது பெட்டி

சனிக்கிழமை காலையில் பால்காரர் வந்து மணியடித்தபோது மேலக்கரைக் குடியிருப்பின் பெரிய கேட் திறக்கவில்லை, திறக்காத கேட்டுக்கு உள்ளே நான்கு தெருக்களிலுமாக முப்பத்தொரு பெட்டிகள் நின்றன, ஒவ்வொன்றும் இடுப்பளவு உயரம், கருங்கல் நிறம், தட்டினால் சத்தம் வராத கனம், அவற்றுக்குத் தோதாகத் தரையில் முப்பத்தொரு மஞ்சள் வட்டங்கள், நேற்றுவரை பைக் நின்ற இடத்திலும் கோலம் போட்ட இடத்திலும் இஸ்திரி வண்டி நின்ற இடத்திலும், யாரோ முந்தின நாள்தான் பெயின்ட் அடித்துவிட்டுப் போனதுபோலப் பளிச்சென்று கிடந்தன. நாற்பத்தெட்டு வீட்டுக்காரர்களும் எழுந்து வந்து பார்த்தார்கள். இது எப்படி வந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை, இதை என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது எவன் என்றுதான் ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டார்கள். குடியிருப்போர் சங்கத் தலைவர் பால்துரை அண்ணாச்சி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பெட்டியைத் தள்ளிப் பார்த்தார், அது வழுக்கிக்கொண்டு ஓரடி போய் நின்றது. அதே பெட்டியை இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. அவ்வளவுதான், காலனிக்கு விஷயம் புரிந்துவிட்டது, ஏனென்றால் காலனியில் பாதிப் பேர் அந்த விளையாட்டை விளையாடுகிறவர்கள், மீதிப் பாதி விளையாடுகிறவர்களைத் திட்டுகிறவர்கள்.

இரண்டாவது மாடியில், வாயில் பிரஷோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆவுடையம்மாள் மட்டும் கீழே இறங்கி வரவில்லை. கீழே நின்ற பெட்டிகளில் எது எந்த வீட்டு வாசலில் நிற்கிறது என்று அவள் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, முப்பத்தொன்றையும் அங்கே வைத்தது அவள்தான்.

அந்த விளையாட்டுக்குத் ‘தள்ளு’ என்று பெயர். போனில் ஒரு சின்ன ஆள், சில சுவர்கள், சில பெட்டிகள், சில வட்டங்கள். பெட்டியைத் தள்ளலாம், இழுக்க முடியாது, எல்லாப் பெட்டியும் வட்டத்தில் போய் உட்கார்ந்தால் கதவு திறக்கும், ஒரு பெட்டி மூலையில் சிக்கினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். விளையாட்டுக்காரர்கள் தாங்களே லெவல் கட்டி ஊருக்கெல்லாம் விடலாம், ஆனால் ஒரு சட்டம் உண்டு, கட்டியவர் அதைத் தானே ஒருமுறை கடந்து காட்டினால்தான் விளையாட்டு அதைப் பொதுவில் விடும், கடந்து காட்டிய லெவலின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை டிக் விழும். டிக் இருந்தால் அதற்கு வழி இருக்கிறது என்று அர்த்தம், பத்து நாள் ஆனாலும் தலையைப் பிய்த்துக்கொண்டு தேடலாம்.

சட்டம் இருந்தால் திருட்டும் இருக்கும். தன் லெவலைத் தன்னாலேயே கடக்க முடியாத சிலர், ஏதாவது ஒரு சுவரில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஒன்றை வைத்துவிட்டு, அதன் வழியாக நைசாக வெளியே போய் டிக் வாங்கிவிடுவார்கள். கள்ளவாசல் என்று அதற்குப் பெயர். தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் ஆவுடைக்கு, இரண்டு பிரதிக்கு நடுவே ஒரு லெவலைத் தடவிப் பார்த்தே எந்தச் சுவர் பொய் என்று சொல்லிவிட வரும், காலனி குரூப்பில் அவளுக்குச் செக்போஸ்ட் என்று பெயரே வைத்திருந்தார்கள். ஐந்து பேர் சேர்ந்து புகார் தட்டினால் விளையாட்டு அந்த ஓட்டையை அடைத்துவிடும், லெவலும் டிக்கும் அப்படியே இருக்கும், கட்டினவர் மானம் மட்டும் கப்பலேறும். அப்படிப் பதினேழு பேரின் மானத்தை ஆவுடை கப்பலேற்றியிருந்தாள், அதில் அவளுக்கு ஒரு பெருமையும் இருந்தது, பொல்லாத பெருமை.

அந்த ஆவுடைதான், ‘நம்ம தெரு’ என்ற பெயரில் வந்த போட்டிக்காக மேலக்கரைக் குடியிருப்பையே ஒரு லெவலாகக் கட்டினாள். தண்ணீர்த் தொட்டி, நான்கு தெரு, நாற்பத்தெட்டு வீடு, பின்பக்க மதில், எதையும் விடவில்லை. ஒரு மாதமாக முப்பது பெட்டிகளைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவாள், முப்பத்தோராவது பெட்டி ஒவ்வொரு தடவையும் தொட்டியடி மூலையில் போய் முட்டி நின்றுகொள்ளும். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் போட்டி முடிகிறது, ஐந்தரைக்கு அந்தப் பெட்டி மூலையில் நிற்கிறது. ஆவுடை போனில் வரைந்த தன் வீட்டுச் சமையலறையில், கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் இருக்கும் சுவரில், ஒரே ஒரு கட்டத்தை அழித்துவிட்டுப் பின்பக்கமாக வெளியே போனாள். பச்சை டிக் விழுந்தது. சற்று நேரத்தில் ஆஸ்பத்திரி வேனிலிருந்து இறங்கி மேலே வந்த அவள் கணவன் சங்கரலிங்கம், மூச்சு வாங்கிக்கொண்டே முடிந்ததா என்று கேட்டான், முடிந்தது என்றாள். மறுநாள் விடிந்தபோது கேட் பூட்டியிருந்தது.

முதல் வாரம் முழுக்கக் காலனி ஒரு கல்யாண வீடு மாதிரித்தான் இருந்தது. தீயணைப்புக்காரர்கள் ஏணியோடு வந்தார்கள், உள்ளிருந்து மதிலேறிய ஆள் அந்தப் பக்கம் குதித்தால் இந்தப் பக்கமே வந்து விழுந்தான், அந்தப் பக்கத்திலிருந்து ஏறியவன் அந்தப் பக்கமே விழுந்தான், நாலு தடவை பார்த்துவிட்டு அவர்கள் ஏணியை மடித்துக்கொண்டு போனார்கள். பொருள்களுக்கு அந்தத் தடை இல்லை, விளையாட்டுக்கு ஆள்தான் கணக்கு, அரிசி மூட்டை கணக்கில்லை, ஆகவே மதில்மேல் ஒரு கப்பி கட்டிக் கயிறு விட்டார்கள், பாலும் காய்கறியும் மாத்திரைகளும் தினத்தாளும் கயிற்றில் வந்தன, குப்பை கயிற்றில் போனது. ஆபீஸ்காரர்கள் கேட்டுக் கம்பிக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை பார்த்தார்கள், வாத்தியாரம்மா ஒருத்தி மொட்டை மாடியில் வகுப்பெடுத்தாள், ஆவணியில் வைத்திருந்த ஒரு நிச்சயதார்த்தத்தின் அழைப்பிதழில், வர இயலாதவர்கள் கேட்டருகில் நின்று வாழ்த்தவும் என்று அச்சடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு நாளும் சூரியன் கண்ணைத் திறக்கும்போது பெட்டிகள் பழைய இடத்துக்கே வந்து நின்றுகொண்டன, பால்துரை அண்ணாச்சி முறைப்பட்டியல் போட்டார், தெருவுக்கு நாலு ஆள் என்று கட்சி பிரித்து, போனில் யோசித்துத் தெருவில் தள்ளினார்கள், பகல் பன்னிரண்டுக்குள் எவனாவது ஒருவன் ஒரு பெட்டியை மூலையில் சொருகுவான், அன்றைய ஆட்டம் அதோடு சரி, சொருகினவன் வீட்டுக்கு அன்று யாரும் குழம்பு கொடுக்க மாட்டார்கள்.

ஆனால் யாரும் மனம் தளரவில்லை, ஏனென்றால் டிக் இருந்தது. டிக் இருக்குல்லா என்று காலையில் சொல்லிக்கொண்டு ஆரம்பித்தார்கள், டிக் இருக்குல்லா என்று மதியம் சொல்லிக்கொண்டு முடித்தார்கள், மூன்றாம் நாள் யாரோ வாசல் நிலையில் பச்சை பெயின்டால் ஒரு டிக் போட்டார்கள், ஐந்தாம் நாள் நாற்பத்தெட்டு நிலையிலும் டிக் இருந்தது, தொட்டியடி முப்பிடாதி அம்மன் நெற்றியில் குங்குமத்துக்கு மேலே ஒன்று இருந்தது, ஏழாம் நாள் பிள்ளைகள் சண்டையில் டிக்மேல் சத்தியம் பண்ணின. உலகத்தில் எங்கெங்கோ இருந்து ஆயிரம் பேர், பிறகு பதினாயிரம் பேர் அந்த லெவலைப் போனில் தள்ளிப் பார்த்தார்கள், பெயருக்குக் கீழே ‘கடந்தவர்கள்: ஒருவர்’ என்று இருந்தது அப்படியே இருந்தது. அந்த ஒருவரை மேலக்கரை பார்த்த பார்வை இருக்கிறதே, அதை ஆவுடையால் தாங்க முடியவில்லை. எப்படிக் கடந்தாய் என்று கேட்டபோது, நானூறு தள்ளுக்கு மேல், கை போன போக்கில் வந்துவிட்டது, மறந்துவிட்டது என்றாள். இந்த விளையாட்டில் அது நடக்கக்கூடியதுதான், அதனால் யாரும் சந்தேகப்படவில்லை, ஞாபகம் திரும்பட்டும் என்று ஒரு வீட்டிலிருந்து வல்லாரைத் துவையல் வந்தது, இன்னொரு வீட்டிலிருந்து பாதாம் ஊறவைத்து வந்தது. ஆவுடை எல்லாவற்றையும் வாங்கி வைத்தாள், ஒன்றும் இறங்கவில்லை. லெவலையே அழித்துவிடும் பொத்தான் அவள் போனில் இருந்தது, அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தாள், அழித்தால் லெவலுக்குள் இருக்கிற எல்லாம் அழியும் என்பது விளையாடுகிற குழந்தைக்கும் தெரியும், கீழே தெருவில் நூற்றெண்பது பேர் இருந்தார்கள், விரலை எடுத்துவிட்டாள்.

சங்கரலிங்கத்துக்குச் சிறுநீரகம் இரண்டும் போய் மூன்று வருடம். செவ்வாயும் வெள்ளியும் ரத்தம் சுத்தம் பண்ணியாக வேண்டும், இடது முழங்கைக்கு மேலே அதற்காக நரம்பை இணைத்துத் தைத்திருந்தார்கள், அந்த இடத்தில் காதை வைத்தால் உள்ளே ஒரு வண்டு ரீங்காரம் போடுவதுபோலக் கேட்கும், அந்தச் சத்தம் நின்றால் ஆள் போச்சு என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து ஆவுடை விழித்ததும் முதல் வேலையாகக் காதை அங்கே வைப்பாள். பூட்டிய நாலாம் நாள் செவ்வாய்க்கிழமை. எல்லாரும் முன்தெருவில் பெட்டி தள்ளிக்கொண்டிருந்த நேரம் அவள் சிலிண்டரை நகர்த்தினாள். சுவர் சுவராகத்தான் இருந்தது, கையை வைத்தால் கை போயிற்று. மாடியில் இருக்கிற சமையலறைக்கு வெளியே எப்படித் தரை இருக்கும் என்று கேட்கக் கூடாது, வரைபடத்தில் மாடி கிடையாது, அந்தப் பக்கம் மதிலுக்கு அப்பாலுள்ள உடைமரக் காட்டின் தரைதான் இருந்தது. சங்கரலிங்கம் வெளியே போனான், பின்னாலேயே போகப்போன ஆவுடைக்கு நெற்றி சுவரில் இடித்துப் புடைத்தது. விளையாட்டில் ஆள் ஒருவன்தான், ஒருவன் வெளியே இருந்தால் அவன் திரும்பும்வரை அந்த ஓட்டை இன்னொருவருக்குச் சுவர்.

தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போய்விட்டு, பொழுது சாய அவன் சிலிண்டருக்குப் பின்னாலிருந்து வந்தபோது, திரும்பி வருவானோ மாட்டானோ என்று நினைத்திருந்ததை ஆவுடை அவனிடம் மறைக்கவில்லை. அவன் சிரித்தான். “நீ உள்ள கெடக்க, நான் வெளிய இருந்து என்ன செய்ய?” என்றான்.

இங்கேதான் ஏசுவடியான் வருகிறார். கீழ்வீட்டுக்காரர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர், சங்கரலிங்கத்தோடு அதே வேனில் போய் அதே ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் படுத்து வருகிறவர், இரண்டு பேரும் ஊசி குத்தும்போது பழைய பஸ் ரூட் நம்பரை மாற்றி மாற்றிச் சொல்லி வலியை மறப்பார்கள். அவருக்கும் செவ்வாய், வெள்ளிதான். முதல் செவ்வாய் போயிற்று, கால் வீங்கியது. வெள்ளி போயிற்று, முகம் வீங்கியது. டாக்டர் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு மாத்திரைகளைக் கயிற்றில் அனுப்பினார், மெஷினை அனுப்பினால் அதை ஓட்ட ஆள் வர முடியாது என்று கையை விரித்தார். ஏசுவடியான் தண்ணீரை ஸ்பூனில் அளந்து குடித்துக்கொண்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பெட்டி தள்ளுகிறவர்களுக்கு வழி சொன்னார். சங்கரலிங்கம் நல்லாயிருப்பதைப் பார்த்து அவருக்குப் பொறாமை இல்லை, உனக்கு இளைய உடம்பு, தாங்குது என்றார். அவர் மனைவி ஞானசௌந்தரி மட்டும், சங்கரலிங்கத்தின் கையில் இருந்த புதிய பிளாஸ்திரியை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தாள், பார்த்துவிட்டு, ஊர் ஓட்டையை அடைக்கிற ஆவுடையின் வீட்டில் ஓட்டை இருக்காது என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் சங்கரலிங்கம் கேட்டான். “செவ்வாய்க்கெழம அவர அனுப்புவமா? நான் வெள்ளிக்குப் போய்க்கிடுதேன். மாறி மாறிப் போயிரலாம்லா.”

ஆவுடை ரசத்தைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தாள். ஏசுவடியானுக்குத் தெரிந்தால் ஞானசௌந்தரிக்குத் தெரியும், அவளுக்குத் தெரிந்தால் காலனிக்குத் தெரியும், பதினேழு பேரின் ஓட்டையை அடைத்தவள் வீட்டில் ஓட்டை என்றால் காறித் துப்புவார்கள், அதுகூடப் பரவாயில்லை, நாற்பத்தெட்டு வீட்டுக்கும் ஒரே ஓட்டை என்றால் அதன்பிறகு உங்கள் முறை எப்போது வரும் என்று அவனிடம் திருப்பிக் கேட்டாள். சாப்பிட்ட தட்டை அவனே கழுவி வைத்தான், செவ்வாய்க்கிழமை அவனே போனான். அவள் செய்தது பாவம், அதைப் பாவம் என்று அவளுக்கும் தெரியும், புருசன் கையில் வண்டு பாடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் அந்த நாட்களில் அவள் மண்டையில் ஏறவில்லை.

புதன்கிழமை காலையில் ஏசுவடியான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார், கடைசிவரை தொட்டியடிப் பெட்டியை வலப்பக்கமாக விடச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அன்று காலனியே திரண்டு தள்ளியது, அவரை எடுத்துக்கொண்டு போவதற்காவது கேட் திறக்கட்டும் என்று கெஞ்சிக் கெஞ்சித் தள்ளியது, முப்பது பெட்டி உட்கார்ந்தது, முப்பத்தோராவது பெட்டி தொட்டியடி மூலையில் போய் முட்டி நின்றது. மதியத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது என்று ஆனபோது பால்துரை அண்ணாச்சிக்கு ஒரு யோசனை வந்தது, வந்திருக்க வேண்டாத யோசனை, வெளியிலிருந்து வந்த சவப்பெட்டியோடு அவரைக் கப்பிக் கயிற்றில் கட்டி மதில்மேல் ஏற்றினார்கள். ஆள் ஒருவரும் தாண்டாத மதிலை அவர் தாண்டினார், அரிசி மூட்டை போல, குப்பைக் கூடை போல, ஒரு தடையும் இல்லாமல் அந்தப் பக்கம் இறங்கினார். வெளியே நின்ற உறவினர்கள் வாங்கித் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள், ஞானசௌந்தரி கேட்டுக் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு, அவர்கள் வளைவில் திரும்பும்வரை பார்த்தாள். காலனியை விட்டுப் போக இன்னொரு வழியும் இருக்கிறது என்று அன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று, அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அன்று மாலை, துக்கத்துக்கு எல்லாரும் கூடியிருந்த இடத்தில், ஆவுடை வந்து நடுவில் நின்று சொல்லிவிட்டாள். நான் கடக்கவில்லை, என் வீட்டுச் சமையலறையில் கள்ளவாசல் இருக்கிறது, அது வழியாகத்தான் டிக் வாங்கினேன், அது வழியாகத்தான் இவர் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறார் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு கும்பலாக மாடியேறி வந்து, சிலிண்டரை நகர்த்தி, ஆளாளுக்குச் சுவரில் கையை விட்டுப் பார்த்தார்கள், அதுவரைக்கும் அமைதியாகத்தான் இருந்தார்கள்.

ஒருவர் வெளியே போனால் அவர் வரும்வரை மற்றவர்களுக்குச் சுவர் என்று கேட்டதும்தான் சத்தம் தொடங்கியது. யார் முதலில், போனவன் திரும்பாவிட்டால் என்ன செய்வது, சீட்டுக் குலுக்கலாமா, பெண்டாட்டியைப் பிணையாக நிறுத்திவிட்டுப் போகலாமா, உன் பெண்டாட்டியை விட்டுவிட்டு ஓடத்தானே நீ பார்க்கிறாய் என்று, பத்து வருடமாக ஒரே தண்ணீர்த் தொட்டியில் குடித்தவர்கள் அந்தச் சமையலறையில் நின்று பேசிய பேச்சைச் சுவர் மட்டும்தான் மறக்கும். சங்கரலிங்கம் மட்டும் எட்டு தடவை, பத்து தடவை என்று யாரோ எண்ணினார்கள், மூன்றே தடவை என்று ஆவுடை சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. நாற்பத்தெட்டு வீட்டில் ஒருவர்கூட இன்னொருவர் திரும்பி வருவார் என்று நம்பவில்லை, அதுதான் அன்று வெளியே வந்த உண்மை, ஓட்டையைவிடப் பெரிய ஓட்டை.

ஞானசௌந்தரி கடைசியாக மாடியேறி வந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. அவள் ஆவுடைக்கு நேராக வந்து நின்றாள்.

“வழியே கெடையாதுன்னு சொல்லுதியா ஆவுடை?”

“நான் கண்டுபுடிக்கல மைனி. அம்புட்டுதான் எனக்குத் தெரியும்.”

“கண்டுபுடிக்காதது வேற, இல்லாதது வேற. வழி இருந்து, அத நாங்க கண்டுபுடிக்கதுக்குள்ள எம் புருசன் போயிட்டாருன்னா, அது அவரு விதி. இந்தச் செவுத்துல ஓட்டை இருந்து, நீ அத அடச்சுக்கிட்டு உக்காந்திருந்துதான் அவரு போனாருன்னா, நான் எப்படி ஒறங்க? நீ சொல்லு. எனக்கு இது வெறும் செவுரா இருக்கணும்.”

ஞானசௌந்தரி தன் போனை எடுத்தாள், அவள் கண்ணாடி இல்லாமல் அந்தப் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று, யாரும் அவசரப்படுத்தவில்லை. கள்ளவாசல், புகார் என்று இருந்த இடத்தில் கட்டைவிரலை அழுத்தினாள். பால்துரை அண்ணாச்சி இரண்டாவது அழுத்தினார், முன்பு ஆவுடையிடம் மானம் போன பையனின் அப்பா மூன்றாவது, நான்காவது அழுத்தியவர் தலையைக் குனிந்துகொண்டே அழுத்தினார். ஐந்தாவது யார் என்று அறையில் எல்லாரும் சுற்றிப் பார்த்தபோது, ஆவுடை சங்கரலிங்கத்தின் முன்னால் போய் நின்று, வெள்ளிக்கிழமை இருக்கிறது, இப்போதே வெளியே போய்விடுங்கள், திரும்பி வர வேண்டாம் என்று அவன் சட்டையைப் பிடித்துக் கெஞ்சினாள். அவன் அவள் கையை மெதுவாக எடுத்துவிட்டான். ஏசுவடியான் உட்கார்ந்திருந்த நாற்காலி கீழே இன்னும் வாசலில்தான் கிடக்கிறது, அதில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் இந்தச் சுவர் வழியாகப் போனேன் என்றான். பிறகு தன் போனை எடுத்து ஐந்தாவதாக அவனே அழுத்தினான்.

சுவரில் ஒன்றும் ஆகவில்லை. கையை வைத்தால் கை நின்றது, அவ்வளவுதான். கூட்டம் நிம்மதிப் பெருமூச்சு விட்டு, ஒருவரை ஒருவர் மறுபடியும் அண்ணாச்சி, மைனி என்று கூப்பிட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போனது, போகிற வழியில் யாரோ ஆவுடையின் கன்னத்தைத் தடவி, நல்ல வேளை சொல்லிட்டே, இனிமேல் டிக் சுத்தமான டிக் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வியாழன் போயிற்று. வெள்ளிக்கிழமை விடிவதற்குமுன் ஆவுடை அவன் கையில் காதை வைத்தாள், வண்டு பாடிக்கொண்டுதான் இருந்தது, கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தாள், நீர் கோத்திருந்தது, குழி மெதுவாகத்தான் நிரம்பியது. அவன் விழித்துக்கொண்டான், அவள் முகத்தைப் பார்த்தான், அவளிடம் ஒருநாளும் கேட்காததைக் கேட்டான்.

“நெசமா வழி இருக்கா ஆவுடை?”

எந்தச் சுவரையும் தடவிப் பார்க்காமல் நம்பாதவள், பதினேழு பேரைத் தடவிப் பார்த்தே பிடித்தவள், தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு எழுந்தாள்.

“இருக்கு. டிக் போட்டிருக்குல்லா,” என்றாள்.

அவள் தெருவுக்கு வந்தபோது பெட்டிகள் அப்போதுதான் பழைய இடத்துக்கு வந்து நின்றிருந்தன, ஞானசௌந்தரி அவளுக்கு முன்பே வந்து தொட்டியடியில் நின்றாள், கொஞ்சம் நகர்ந்து தோளுக்கு இடம் கொடுத்தாள். ஏசுவடியானை ஏற்றிய கப்பிக் கயிறு மதில்மேல் இன்னும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது, யாருக்கும் அதை அவிழ்க்கத் தோன்றியிருக்கவில்லை. இருவரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு முதல் பெட்டியைத் தள்ளினார்கள்.